15க்கும் 50க்கும் நடுவே: ராணுவப் பாணித் தீயணைப்பு வண்டி ஒன்று பிழைப்பது எப்படி?

ஏப்ரல் 14 காலையில் மும்பை மாட்டுங்காவின் கோயில் வாசல்களில் சித்திரைப் பிறப்புக்காகத் தமிழர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அதே நாளில், சில கிலோமீட்டர் தெற்கே பைகுல்லாவில் உள்ள தீயணைப்புப் படைத் தலைமையகத்தில் 66 தீயணைப்பு வீரர்களுக்கு அஞ்சலி செலுத்தப்படுகிறது. 1944 ஏப்ரல் 14 அன்று துறைமுக வெடிப்பில் உயிரிழந்தவர்கள் அவர்கள். நாடு முழுவதும் தீயணைப்பு வாரம் தொடங்குவதும் அன்றுதான்.

அந்த வாரத்தில் பழைய தீயணைப்பு வண்டிகளைப் பற்றிய பேச்சு வந்தால் இரண்டு செய்திகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. அரசு வண்டிகள் 15 ஆண்டு நிறைந்தவுடன் உடைக்கப்பட வேண்டும் என்பது ஒன்று. 50 ஆண்டு கடந்த வண்டிக்கு 'விண்டேஜ்' என்று தனிப் பதிவெண் கிடைக்கும் என்பது மற்றொன்று. 15 வயதில் உடைக்கப்படும் வண்டி 50 வயதை எப்படி எட்டும்? கேட்பவர்கள் குழம்புவதில் வியப்பில்லை.

ராணுவப் பாணியில் கட்டப்பட்ட, பச்சை நிறத் தீயணைப்பு வண்டிகளுக்கு இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. அவை லாரியா, ராணுவத் தளவாடமா, தீயணைப்புக் கருவியா என்று கேட்டால் ஒவ்வொரு சட்டமும் ஒவ்வொரு பதில் சொல்கிறது. எனவே அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

எதை 'ராணுவப் பாணி' என்கிறோம்?

பச்சை வண்ணம் பூசியதால் மட்டும் ஒரு வண்டி இந்த வகையில் சேர்ந்துவிடாது. மூன்று பிறப்புகள் உண்டு.

1. ராணுவத்தின் சொந்த வண்டி. வெடிமருந்துக் கிடங்கு, விமானப்படைத் தளம், கடற்படைக் கப்பல் தளம் ஆகியவற்றுக்குச் சொந்தத் தீயணைப்புக் குழுக்கள் உண்டு. வெளியிலிருந்து உதவி வரும்வரை காத்திருக்க முடியாத இடங்கள் இவை. மகாராஷ்டிரத்தின் புல்காவ் மத்திய வெடிமருந்துக் கிடங்கில் 2016 மே 31 அன்று நேர்ந்த தீ விபத்தில் உயிரிழந்தவர்களில் கிடங்கின் தீயணைப்புப் பணியாளர்களும் இருந்தார்கள்.

2. குடிமக்கள் பாதுகாப்புக்காக அரசு கட்டிய வண்டி. போர் வந்தால் நகரங்கள் எரியும் என்ற கணக்கில், ராணுவ லாரியின் உடலமைப்பில் செய்யப்பட்டவை. இவற்றில் உலகப் புகழ் பெற்றது பிரிட்டனின் 'கிரீன் காடஸ்', அதாவது பச்சைத் தேவதை.

3. ராணுவம் கழித்துவிட்ட லாரியை வாங்கி, தண்ணீர்த் தொட்டியும் பம்பும் பொருத்தித் தீயணைப்பு வண்டியாக மாற்றியது. போருக்குப் பிறகு பல நாடுகளில் இப்படி நடந்தது.

இந்த மூன்றாவது வகைதான் பாதுகாப்பவர்களை அதிகம் திணற வைக்கிறது. அதன் உண்மையான வடிவம் லாரியாக இருந்தபோது இருந்ததா, தீயணைப்பு வண்டியான பிறகு வந்ததா? இந்தக் கேள்வி கீழே சட்டத்தைப் பார்க்கும்போது மறுபடியும் வரும்.

பச்சைத் தேவதை: ஒரு பயத்தின் வடிவம்

1940 டிசம்பர் 29 இரவு லண்டன் நகரின் மையப் பகுதியில் ஜெர்மானிய விமானங்கள் தீக்குண்டுகளை வீசின. குண்டுவீச்சில் நிலத்தடித் தண்ணீர்க் குழாய்கள் உடைந்தன. ஆற்றிலிருந்து எடுக்கலாம் என்றால் தேம்ஸ் அன்று வற்றத்தில், அதாவது கடல் ஓதம் இறங்கிய நிலையில் இருந்தது. கரையில் நின்ற பம்புகளின் உறிஞ்சு குழாய்கள் தண்ணீரை எட்டாமல் தவித்தன. நகரத்தில் வண்டிகள் இருந்தன, ஆட்கள் இருந்தார்கள், தண்ணீர்தான் தீ இருக்கும் இடத்துக்கு வந்து சேரவில்லை.

இந்தப் பாடம்தான் போருக்குப் பிறகு வண்டியாக உருவெடுத்தது. 1953 முதல் 1956 வரை பெட்ஃபோர்ட் லாரியின் அடிச்சட்டத்தில், துணைத் தீயணைப்புப் படைக்காகப் பச்சைத் தேவதைகள் கட்டப்பட்டன. இந்த முறை பயம் அணுகுண்டைப் பற்றியது. குழாய்கள் அனைத்தும் உடைந்துபோன நகரத்துக்கு வெளியிலிருந்து வண்டிகள் வரிசையாகப் போக வேண்டும். ஏரியிலோ ஆற்றிலோ ஒரு வண்டி தண்ணீரை உறிஞ்ச வேண்டும். அது அடுத்த வண்டிக்குத் தள்ள, அது அதற்கடுத்ததற்குத் தள்ள, பல கிலோமீட்டர் தூரத்துக்குத் தண்ணீர் போய்ச் சேர வேண்டும். கிணற்றடியிலிருந்து எரியும் கூரை வரை கைமாற்றிக் கைமாற்றிக் குடம் கொடுப்பார்களே, அதையே எந்திரத்தால் செய்யும் ஏற்பாடு இது.

அதன் அளவுகளைப் பார்த்தால் நோக்கம் புரியும். நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை போகும் ரக வண்டியில் 300 கேலன், அதாவது சுமார் 1,360 லிட்டர் தண்ணீர்தான் தொட்டியில் பிடிக்கும். பம்போ நிமிடத்துக்குச் சுமார் 4,000 லிட்டரை வெளியேற்றக்கூடியது. முழு வேகத்தில் இயக்கினால் தன் தொட்டியை 20 விநாடியில் காலி செய்துவிடும்! தண்ணீர் சுமந்து வருவது அதன் முதல் வேலை இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. எங்கோ இருக்கும் தண்ணீரை இன்னோர் இடத்துக்குத் தள்ளுவதற்காகச் சக்கரம் கட்டிய பம்ப் அது. மும்பையில் மராத்தி பேசுபவர்கள் தீயணைப்பு வண்டியை 'ஆகீச்சா பம்ப்' என்பார்கள். அந்தப் பெயர் இந்த வண்டிக்கு மிகப் பொருத்தம்.

அவர்கள் பயந்த போர் வரவில்லை. துணைப் படை 1968இல் கலைக்கப்பட்டது. வண்டிகள் கிடங்குகளில் மூடி வைக்கப்பட்டன. பிரிட்டனில் தீயணைப்பு வீரர்கள் வேலைநிறுத்தம் செய்த 1977இலும், பிறகு 2002இலும் ராணுவத்தினர் இவற்றை ஓட்டி வந்து தீயணைத்தார்கள். ஏறத்தாழ அரை நூற்றாண்டு பழைய வண்டிகள், கூப்பிட்டபோது வேலை செய்தன. ஒழுங்காக மூடி வைத்து, அவ்வப்போது இயக்கிப் பார்த்ததன் பலன் அது. பழைய வண்டிகளைப் பராமரிக்க நினைக்கும் எவரும் இந்த ஒரு செய்தியை மனத்தில் பதித்துக்கொள்ளலாம்.

இந்த வண்டிகளோடு தொடர்புள்ள இன்னொரு கருவியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கையால் தூக்கிச் செல்லக்கூடிய சிறு பம்ப் ஒன்றைப் பிரிட்டிஷ் அரசு கேட்டது: பழையதைவிட எடை பாதியாக இருக்க வேண்டும், தண்ணீர் இரண்டு மடங்கு தள்ள வேண்டும். கோவென்ட்ரி கிளைமாக்ஸ் நிறுவனம் அலுமினியத்தில் ஓர் எடை குறைந்த எஞ்சினைச் செய்து தந்தது. அந்த எஞ்சினின் வழிவந்தவைதான் 1950களில் பந்தயக் கார்களில் ஏறி வெற்றி பெற்றன. தீயணைக்கப் பிறந்த எஞ்சின் பந்தயத்துக்குப் போன கதை இது.

தாராவியை அறிந்தவர்களுக்கு இந்தச் சிறு பம்பின் அருமை உடனே விளங்கும். பெரிய வண்டி 90 அடிச் சாலையில் நின்றுவிடும். உள்ளே இருவர் எதிரெதிரே நடக்க முடியாத சந்து. அங்கே தீ பிடித்தால், நாலு பேர் தோளில் போகும் பம்புதான் உள்ளே போகும்.

மும்பைக்கு இது ஏன் சொந்தக் கதை?

பிரிட்டன் குண்டுவீச்சில் கற்றதை மும்பை ஒரே மாலையில் கற்றது. 'ஃபோர்ட் ஸ்டிகைன்' என்ற சரக்குக் கப்பல் 1944 ஏப்ரல் 12 அன்று விக்டோரியா டாக்குக்கு வந்தது. அதன் வயிற்றில் சுமார் 1,400 டன் வெடிபொருள், ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகள், எண்ணெய்ப் பீப்பாய்கள், மரம், பழைய இரும்பு, கூடவே தங்கக் கட்டிகள். இரண்டு நாள் கழித்துப் பிற்பகலில் பஞ்சில் புகை தெரிந்தது. தீயணைப்பு வீரர்கள் கப்பலுக்குள் 900 டன்னுக்கு மேல் தண்ணீர் அடித்தார்கள். தீ அடங்கவில்லை. 4.06க்கு முதல் வெடிப்பு, 4.34க்கு இரண்டாவது. சிம்லாவில் இருந்த நிலநடுக்கப் பதிவுக் கருவியே அதை உணர்ந்தது. தீயைக் கட்டுக்குள் கொண்டுவர மூன்று நாள் ஆனது. 5 லட்சம் டன் இடிபாடுகளை அகற்ற 8,000 பேர் ஏழு மாதம் உழைத்தார்கள்.

முதல் வெடிப்பு நேர்ந்தபோது பம்ப் வண்டிகளும் அவற்றை இயக்கியவர்களும் கப்பலை ஒட்டியே நின்றிருந்தார்கள். ஒரு நகரத்தின் தீயணைப்பு வலிமையில் பெரும் பகுதி ஒரே இடத்தில், ஒரே நொடியில் போய்விட்டால் என்ன செய்வது என்ற கேள்வி அன்று எழுந்தது. வெளியிலிருந்து தானாக வந்து, தானாகத் தண்ணீர் தேடி, இடிபாடுகள்மேல் ஏறி இறங்கக்கூடிய வண்டி எதற்கு என்பதற்கு அதுவே பதில். அதனால்தான் இத்தகைய வண்டியில் ஒன்றையாவது மும்பை பாதுகாக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

பம்ப் வேலை செய்யும் விதம்

இதைத் தெரிந்துகொள்ளாமல் எதைக் காப்பது என்று முடிவு செய்ய முடியாது.

1. வண்டி நின்ற இடத்திலேயே எஞ்சின் ஓடும். கியர் பெட்டியிலிருந்து தனிப் பற்சக்கரம் வழியாக அந்த விசை பம்புக்குத் திருப்பப்படும்.

2. பம்புக்குள் சுழலும் சக்கரம் தண்ணீரை மையத்தில் வாங்கி, விளிம்புக்கு வீசி எறியும். அந்த வேகமே அழுத்தமாக மாறுகிறது.

3. இந்த வகைப் பம்பால் காற்றை இழுக்க முடியாது. உறிஞ்சு குழாயில் உள்ள காற்றை முதலில் வெளியேற்ற வேறொரு சிறு கருவி வேண்டும். அதைப் பிரைமர் என்பார்கள்.

4. காற்று வெளியேறியதும் தண்ணீரை மேலே ஏற்றுவது வெளியில் உள்ள காற்றழுத்தம். அதன் எல்லை கணக்குப்படி சுமார் 10 மீட்டர். நடைமுறையில் 7 மீட்டரைத் தாண்டுவதே கடினம். தேம்ஸ் வற்றத்தில் இருந்தபோது லண்டன் தவித்ததற்கு இந்த எல்லையும் ஒரு காரணம். மும்பைக் கடலிலும் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே சில நாட்களில் 4 மீட்டருக்கு மேல் வேறுபாடு வரும்.

இதில் மூன்றாவது புள்ளியைக் கவனியுங்கள். குழாய் இணைப்பில் ஓர் ஊசித் துளை இருந்தாலும் காற்று உள்ளே புகுந்துவிடும், தண்ணீர் ஏறாது. ரப்பர் வளையம் காய்ந்துபோன, தண்டைச் சுற்றிய கயிற்று அடைப்பு தேய்ந்துபோன பம்ப் பார்க்க முழுசாக இருக்கும், ஒரு சொட்டும் தூக்காது. தீயணைப்பு நிலையங்களில் உறிஞ்சு குழாயின் முனையை மூடி, காற்றை இழுத்து, அளவி முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். பழைய வண்டி உயிரோடு இருக்கிறதா என்று அறிய அந்த ஒரு சோதனை போதும்.

சட்டத்தின் நான்கு கணக்குகள்

குழப்பத்தின் வேர் இங்கேதான். வயதைக் கணக்கிடும் நான்கு முறைகள் ஒரே வண்டிமேல் ஒன்றையொன்று அறியாமல் ஓடுகின்றன.

1. 15 ஆண்டு. 2023 ஜனவரியில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 52ஏ சேர்க்கப்பட்டு, ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மத்திய, மாநில அரசுகள், மாநகராட்சிகள், ஊராட்சிகள், அரசு நிறுவனங்கள் ஆகியவற்றின் வண்டிகளுக்கு 15 ஆண்டுடன் பதிவு முடிந்துவிடும். பிறகு பதிவு பெற்ற வாகன உடைப்பு மையம் வழியாகவே அவற்றைக் கழிக்க வேண்டும். நாட்டின் பாதுகாப்பு, சட்டம் ஒழுங்கு, உள்நாட்டுப் பாதுகாப்பு ஆகிய பணிகளில் உள்ள சிறப்பு வண்டிகளுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கில் மாநகராட்சியின் தீயணைப்பு வண்டி என்று பெயர் சொல்லப்படவில்லை. ஆகவே ராணுவத்தின் பச்சை வண்டிக்கு விலக்குக் கேட்க வழி இருக்கிறது, மாநகராட்சியின் சிவப்பு வண்டிக்கு இல்லை.

2. 50 ஆண்டு. 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் விதிகள். முதல் விற்பனைக்குப் பின் முதல் பதிவு நடந்த நாளிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். அடிச்சட்டம், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், புதுப்பிக்க 5,000 ரூபாய். மகாராஷ்டிரத்தில் எண் 'எம்.எச். வி.ஏ.' என்று தொடங்கும். கண்காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, விண்டேஜ் அணிவகுப்பு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம்.

3. 30 ஆண்டு. பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீவாவின் வரையறை. 30 ஆண்டு கடந்து, வரலாற்றுக்கு உண்மையான நிலையில் பேணப்பட்டு, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாத வண்டி வரலாற்று வாகனம். இந்தியாவில் இதற்குச் சட்ட வலு கிடையாது. ஆனால் உலகில் பாதுகாப்பாளர்கள் பேசும் மொழி இதுதான்.

4. ராணுவக் கணக்கு. பாதுகாப்புப் பணியில் உள்ள மத்திய அரசு வண்டிகள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 60ஆம் பிரிவின்படி தனியாகப் பதிவாகின்றன. மேல்நோக்கிய அம்புக்குறி, அதன் பின் ராணுவம் அதை வாங்கிய ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் என்று தொடங்கும் எண்ணைச் சாலையில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பணி முடிந்து ஏலத்தில் போன பிறகுதான் வண்டி மற்ற வண்டிகளைப் போலப் பொதுப் பதிவுக்கு வரும்.

இனி இவை மோதும் இடங்களைப் பார்ப்போம்.

ராணுவம் 1962இல் வாங்கி 1990இல் ஏலம் விட்ட வண்டி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விண்டேஜ் விதியை எழுத்துக்கு எழுத்து எடுத்தால், அதன் வயது 1990இல் நடந்த பொதுப் பதிவிலிருந்து தொடங்குகிறது. 50 ஆண்டு நிறைய 2040 ஆக வேண்டும். உண்மையிலோ வண்டிக்கு 60 வயது தாண்டிவிட்டது. ராணுவம் வழங்கிய பழைய ஆவணம் கையில் இருந்தால்தான் இந்த வாதத்தை விண்டேஜ் விண்ணப்பங்களை ஆராயும் மாநிலக் குழுவின் முன் வைக்கவே முடியும். ஏலத்தில் எடுத்தவர்கள் பலர் அந்தத் தாளை ஒரு பொருட்டாக மதிப்பதில்லை.

அடுத்தது வகை. விண்டேஜ் விதி இரு சக்கர வாகனங்களையும், எம்1 வகையான நான்கு சக்கர வாகனங்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. எம்1 என்றால் ஓட்டுநர் தவிர 8 பேர் வரை ஏறும் பயணிகள் வாகனம், அதாவது கார். அதுவும் சொந்தப் பயன்பாட்டுக்கு. லாரி அடிச்சட்டத்தில் தொட்டியும் பம்பும் ஏணியும் சுமந்த தீயணைப்பு வண்டி இதில் எங்கும் பொருந்தாது. இது விதியை எழுதியவர்களின் கவனக்குறைவு என்றே நினைக்கிறேன். மன்னர்களின் கார்கள் கண்ணுக்குத் தெரிந்தன. ஊரைக் காத்த வண்டிகள் தெரியவில்லை.

எல்லாவற்றிலும் பெரியது நடுவே உள்ள பள்ளம். 15 வயதில் ஒரு விதி கழிக்கச் சொல்கிறது. 50 வயதில் இன்னொரு விதி மதிக்கச் சொல்கிறது. இடைப்பட்ட 35 ஆண்டு வண்டி எங்கே நிற்கும், யார் பெயரில் நிற்கும், மழைக்கு யார் மூடி வைப்பார்கள் என்று எந்த விதியும் சொல்லவில்லை. இன்று பணியில் இருக்கும் வண்டிகள் எல்லாமே 15இல் உடைப்பு மையத்துக்குப் போய்விட்டால், 2060இல் விண்டேஜ் என்று காட்ட ஒரு தீயணைப்பு வண்டியும் இருக்காது.

டில்லியில் டீசல் வண்டிக்கு 10 ஆண்டு, பெட்ரோல் வண்டிக்கு 15 ஆண்டு என்று கேள்விப்படுவது வேறு விவகாரம். காற்று மாசு தொடர்பாகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் உச்ச நீதிமன்றமும் தலைநகரப் பகுதிக்குப் பிறப்பித்த உத்தரவுகள் அவை. மும்பைக்குப் பொருந்தாது.

சாலையில் ஓடாமல் நின்றால்?

பதிவு என்பது பொது இடத்தில் ஓட்டுவதற்கான அனுமதி. ஒரு வளாகத்துக்குள் காட்சிப் பொருளாக நிற்கும் வண்டிக்கு அது தேவையில்லை. 52ஏ விதி பேசுவது பதிவு முடிவதையும் கழிப்பதையும் பற்றி. கழிக்காமல், தன் வளாகத்திலேயே அருங்காட்சிப் பொருளாக வைத்துக்கொள்வதாகத் துறை எழுத்தில் முடிவு எடுத்தால், அந்த வண்டி உடைப்பு மையத்துக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லை என்பதே என் வாசிப்பு. ஆனால் அந்த முடிவு கோப்பில் இருக்க வேண்டும். வாய்மொழியாகச் சொல்லி மரத்தடியில் நிறுத்தினால், அடுத்த அதிகாரி வந்ததும் அது கழிவுப் பட்டியலில் ஏறிவிடும்.

எதைக் காப்பது: பளபளப்பையா, தடயத்தையா?

பழைய வண்டி கிடைத்ததும் பலர் முதலில் செய்வது டிங்கரிங், பட்டி, புதுப் பெயின்ட். வண்டி கண்ணாடிபோல் மின்னும். அதன் வரலாற்றில் பாதி உப்புத்தாளோடு போய்விடும்.

பக்கவாட்டுப் பெட்டியின் கதவைத் திறந்து, கீலின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்பிரே எட்டாத அந்த விரல் அகல இடத்தில் வண்டியின் பழைய முகங்கள் அடுக்கடுக்காக இருக்கும். மேலே தீயணைப்புச் சிவப்பு. ஓரம் பெயர்ந்த இடத்தில் ஆலிவ் பச்சை. அதற்கும் கீழே துருத் தடுக்கும் ரெட் ஆக்சைடு. ராணுவத்தில் பிறந்து நகரத்துக்கு வந்த வண்டி என்பதற்கு ஆவணம் தொலைந்தாலும் அந்த ஓரம் சாட்சி சொல்லும். போர்க்காலத்தில் பிரிட்டனின் தேசியத் தீயணைப்புப் படை வண்டிகளுக்குச் சாம்பல் நிறம் பூசியது. எனவே அடியில் சாம்பல் தெரிந்தால் அதற்கும் ஒரு பொருள் உண்டு. முழுவதையும் சுரண்டிப் புதிதாகப் பூசுவதற்கு முன் ஓர் உள்ளங்கை அளவு இடத்தையாவது தொடாமல் விட வேண்டும்.

பின்னால் பம்ப் பலகைக்கு வாருங்கள். கேலன் கணக்கில் அளவு பொறித்த பித்தளைத் தகடு, பவுண்டு கணக்கில் அழுத்தம் காட்டும் வட்ட அளவி, கைபட்டுக் கைபட்டு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த நெம்புகோல் குமிழ். புதுக் குமிழ் சந்தையில் கிடைக்கும். எந்தக் கையால், எந்தத் திசையில் நின்று ஆட்கள் அதை இழுத்தார்கள் என்பதை அந்தத் தேய்மானம் மட்டுமே சொல்லும்.

மாற்றி அமைக்கப்பட்ட வண்டியைப் பற்றிய பழைய கேள்விக்கு இப்போது வரலாம். ஃபீவா 2012இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம் இதில் வழிகாட்டுகிறது. ஒரு வண்டி தன் வாழ்நாளில் இயல்பாகப் பெற்ற மாற்றங்களும் அதன் வரலாறே என்பது அதன் அணுகுமுறை. ராணுவ லாரியாகப் பிறந்து பத்து ஆண்டுக்குப் பின் தீயணைப்பு வண்டியானதென்றால், அந்த இரண்டாம் பிறப்பை அழித்து மறுபடியும் லாரியாக்குவது மீட்பு ஆகாது. விண்டேஜ் விதியின் 'பெரிய மாற்றம் கூடாது' என்ற வரியை இந்தக் கண்ணோடு படித்தால்தான் இத்தகைய வண்டிகளுக்கு நியாயம் கிடைக்கும்.

இயக்கினால் கவனிக்க வேண்டியவை

எஞ்சினும் பம்பும் அவ்வப்போது ஓட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் சில ஆபத்துகள் உண்டு.

1. பெட்ரோல். இன்று பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாய்களையும் கார்க் அடைப்புகளையும் அது இளக்கிவிடும், ஈரத்தையும் இழுக்கும். எஞ்சின் சூட்டுக்கு அருகே பெட்ரோல் கசிந்தால், தீயணைப்பு வண்டியே தீப்பிடிக்கும். குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிய பிறகே எரிபொருள் ஊற்ற வேண்டும்.

2. பிரேக். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தால் கூடுதலாக ஒரு டன்னுக்கு மேல் சுமை. வளைவில் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாயும். பவர் ஸ்டீயரிங் இல்லாத அந்தக் காலத்து வண்டியை அணிவகுப்புக்குக் கொண்டுபோகும்போது தொட்டியைக் காலியாக வைப்பதே நல்லது.

3. கல்நார். பழைய பிரேக் லைனிங்குகளிலும் புகைபோக்கிச் சுற்றுகளிலும் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பட்டறைகளில் வழக்கமாகச் செய்வதுபோல் காற்றடித்துத் தூசி தட்டினால் அது நுரையீரலுக்குள் போகும். நனைத்துத் துடைக்க வேண்டும்.

4. உப்புத் தண்ணீர். கடல் நீரில் பம்பை இயக்கிக் காட்டினால், அன்றே நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும்.

கண்டம் செய்யும் நாளுக்கு முன்

பாதுகாப்பு வேலை அருங்காட்சியகத்தில் தொடங்குவதில்லை. வண்டியைக் கண்டம் செய்ய, அதாவது இனிப் பயன்படாது என்று ஒதுக்க, குழு கூடும் நாளுக்கு முன்பே தொடங்க வேண்டும். கழிவுப் பட்டியலில் ஏறிய வண்டியை மீட்பது, குர்லாவின் காயலான் கடைகளில் உடைபட்ட பிறகு துண்டுகளைத் தேடுவதற்குச் சற்றுதான் மேல்.

ஒவ்வொரு வகையிலும் ஒரு வண்டி போதும். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள இடமில்லை என்ற வாதம் சரியானதே. அந்த ஒன்றை முன்கூட்டியே குறித்து, அடிச்சட்ட எண், எஞ்சின் எண், பம்ப் எண் மூன்றையும் கோப்பில் ஏற்ற வேண்டும். பம்ப், ஏணி, உறிஞ்சு குழாய்கள், இணைப்புத் துண்டுகள் எல்லாம் வண்டியோடு ஒரே பொருளாகப் பட்டியலிடப்பட வேண்டும். பித்தளைக்கும் அலுமினியத்துக்கும் கிலோக் கணக்கில் விலை உண்டு. தனித்தனியாக எழுதினால் தனித்தனியாகப் போய்விடும். தொட்டியையும் பம்பையும் முழுதாக வடித்து உலர்த்த வேண்டும். மும்பை மழையில் திறந்த தொட்டி நின்றால் துருவோடு கொசுவும் பெருகும். மலேரியா தடுப்பு ஊழியர்கள் வந்து முதலில் அகற்றச் சொல்வது இந்த வண்டியைத்தான். மேலே கூரை, சக்கரங்களுக்கு அடியில் முட்டு, உப்புக் காற்று நேராக அடிக்காத இடம் ஆகிய மூன்றுக்கும் பெரிய செலவு இல்லை.

கடைசியாக வண்டியின் லாக் புத்தகம். எந்த நாளில், எந்த அழைப்புக்கு, எத்தனை மணிக்கு வெளியே போனது, பம்ப் எவ்வளவு நேரம் ஓடியது, யார் ஓட்டினார்கள் என்று நீல மையில் எழுதிய பதிவேடுகள் அவை. பக்கங்களின் ஓரத்தில் கிரீஸ் விரல் பதிந்திருக்கும். ஏலப் பட்டியலில் அவற்றுக்கு எண் கிடையாது. பொருளாக மதிப்பில்லாததால், வண்டி வாசலைத் தாண்டும் முன்பே அவை பழைய பேப்பரோடு எடைக்குப் போகின்றன. வண்டியைக் கேட்டு மனுப் போடுபவர்கள், அதே மனுவின் முதல் வரியிலேயே லாக் புத்தகங்களையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.